மரை கழன்ற உலகத்துக்கு மரை போட்டவர்



ஒரு சின்ன அவமானத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு அலுமினியம் பிளேட்ல நாலு மூலையிலயும் ஓட்டை போட்டு மரை வெட்டணும். எம் 6 போல்ட்தான். பெரிய வேலை ஒண்ணும் இல்லை. எம் 6ன்னா 6 மில்லிமீட்டர், அப்போ 6 மில்லிமீட்டர் டிரில் பிட் எடுத்தா சரியா இருக்கும்னு நான் முதல் மூலையில ஓட்டை போட்டேன். டேப்பை உள்ளே விட்டா, அது பாட்டுக்கு காத்துல சுத்துது. ஒரு மரை கூட விழலை.

என் டீம்மேட் என்னைப் பார்த்து சிரிச்சுட்டு, ஓட்டை சின்னதா இருக்கணும்டான்னு சொல்லி 4.5 மில்லிமீட்டர் பிட் எடுத்தான். ரெண்டாவது மூலை. டேப் ரெஞ்சை வச்சு முக்கி முக்கி திருப்பினான். ரெண்டு சுத்து போச்சு. மூணாவது சுத்துல டிக்குன்னு ஒரு சத்தம். டேப் உடைஞ்சு பாதி உள்ளேயே மாட்டிக்கிச்சு. உடைஞ்ச டேப்பை டிரில் பண்ணி எடுக்கவும் முடியாது, ஏன்னா டிரில் பிட்டும் அதே மாதிரி கடினமான ஸ்டீல்தான். ரிவ்யூவுக்கு மூணு நாள்தான் இருந்தது. யார் மேல தப்புன்னு நாங்க ரெண்டு பேரும் போட்ட சண்டை தனிக்கதை.

ஒர்க் ஷாப்ல இருக்கிற அண்ணன் ஒருத்தர் எங்க கூச்சலைக் கேட்டு வந்தார். திட்டலை. எங்களைக் கூட்டிட்டு போய், சுவத்துல எண்ணெய்க் கறை படிஞ்சு ஒட்டியிருந்த ஒரு சார்ட்டைக் காட்டினார். எம் 3க்கு 2.5, எம் 4க்கு 3.3, எம் 5க்கு 4.2, எம் 6க்கு 5, எம் 8க்கு 6.8, எம் 10க்கு 8.5. நாலு வருஷமா அந்த சார்ட் முன்னாடி நின்னுதான் அட்டெண்டன்ஸ் கொடுத்திருக்கோம். ஒரு நாளும் படிச்சதில்லை.

அந்த சார்ட்டை யார் முடிவு பண்ணாங்கன்னு தேடிப் போனதுல கிடைச்ச மனுஷன்தான் இந்தக் கட்டுரையின் ஹீரோ: சர் ஜோசப் விட்வொர்த்.

முதல்ல அந்த சார்ட்

அவர் கதைக்குப் போறதுக்கு முன்னாடி, சார்ட்ல இருக்கிற கணக்கைப் பார்த்துடுவோம். ரொம்ப சிம்பிள். போல்ட்டின் வெளி விட்டத்துல இருந்து பிட்ச்சைக் கழிச்சா, டிரில் பிட்டின் அளவு கிடைக்கும். பிட்ச்னா ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையில இருக்கிற தூரம். எம் 6க்கு பிட்ச் 1 மில்லிமீட்டர். 6ல 1 போனா 5. எம் 8க்கு பிட்ச் 1.25. எட்டுல அது போனா 6.75, கடையில கிடைக்கிற பிட் 6.8. எம் 10க்கு பிட்ச் 1.5, அதனால 8.5. அவ்வளவுதான்.

ஏன் இப்படி? டேப்ங்கிறது மரையை புதுசா உருவாக்குறதில்லை. ஓட்டையின் சுவத்துல இருக்கிற உலோகத்தைச் சீவி மரையா மாத்துது. ஓட்டை 6 மில்லிமீட்டர்னா சீவ ஒண்ணுமே இல்லை. 4.5 மில்லிமீட்டர்னா சீவ வேண்டியது ரொம்ப அதிகம், டேப் தாங்காது. 5ன்னா முழு மரையில கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஆழம் கிடைக்கும். அது போதும். நூறு சதவீதம் ஆழமா வெட்டினா போல்ட்டின் பிடிப்பு கொஞ்சம்தான் கூடும். ஆனா டேப்பைத் திருப்பத் தேவையான விசை எக்கச்சக்கமா ஏறிடும். நான் ஒரு பக்கம் தப்பு, அவன் இன்னொரு பக்கம் தப்பு. சரியான நம்பர் ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது.

ஆனா இந்தக் கணக்கு வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கு. எம் 6ன்னா பிட்ச் 1 மில்லிமீட்டர்தான்னு உலகத்துல எல்லாரும் ஒத்துக்கிட்டிருக்கணும். கோயம்புத்தூர்ல போல்ட் செய்றவரும், ஜெர்மனியில டேப் செய்றவரும், ஜப்பான்ல நட் செய்றவரும் ஒரே நம்பரை வச்சிருக்கணும். இல்லைன்னா சார்ட்டே கிடையாது. அப்படி ஒரு ஒப்பந்தமே இல்லாத காலத்துலதான் விட்வொர்த் பிறந்தார்.

பஞ்சாலையில் ஒரு பையன்

ஜோசப் விட்வொர்த் 1803 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தில், மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சார்லஸ் பள்ளிக்கூட வாத்தியார், பிறகு பாதிரியார் ஆனவர். ஜோசப்புக்கு பத்து வயசு இருக்கும்போது அம்மா இறந்துட்டாங்க. பையனை லீட்ஸ் பக்கத்துல ஒரு பள்ளிக்கு அனுப்பினாங்க. 14 வயசுல படிப்பு முடிஞ்சது. டெர்பிஷயரில் மாமா ஒருத்தர் பஞ்சாலை வச்சிருந்தார். தொழிலைக் கத்துக்கிட்டு பின்னாடி அவர் கூடவே பார்ட்னர் ஆகிடலாம்கிறதுதான் வீட்டோட பிளான்.

நம்ம வீடுகள்லயும் நடக்கிறதுதானே இது? மாமா கம்பெனி இருக்கு, போய் உட்காருன்னு சொல்றது. ஆனா பையனுக்கு நூல் மேல ஆர்வம் வரலை. நூல் நூற்கிற மெஷின் மேல வந்தது. ஆலையில இருந்த ஒவ்வொரு மெஷினையும் தெரிஞ்சுக்கிட்டார். தெரிஞ்சுக்கிட்டதும் அவருக்குப் பட்டது ஒண்ணுதான்: இதெல்லாம் எவ்வளவு மட்டமா செஞ்சிருக்காங்க! பாகங்கள் ஒண்ணோட ஒண்ணு சரியா உட்காரலை, எல்லாம் ஏனோதானோன்னு இருந்தது.

சுமார் நாலு வருஷம் கழிச்சு, 1821 வாக்கில், மாமா ஆலையை விட்டுட்டு மான்செஸ்டருக்குப் போய் சாதாரண மெக்கானிக்கா வேலைக்குச் சேர்ந்தார். முதலாளி ஆகுறதுக்கு இருந்த வழியை விட்டுட்டு, கையில அரத்தைப் பிடிக்கப் போனவர். ஊர்ல சில பேர் இவனுக்கு மரை கழண்டுடுச்சான்னு கேட்டிருப்பாங்க, இங்கிலீஷ்ல அப்படி ஒரு வசனம் இருந்திருந்தா!

லண்டன்: மூணு பட்டறை, மூணு குரு

1825ல் ஃபேனி என்ற பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அதே வருஷம் லண்டன் போனார். அங்கே லாம்பெத் பகுதியில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை கிடைச்சது. மெக்கானிக்கல் ஸ்டூடன்ட்ஸ் இந்தப் பேரை மறக்கக் கூடாது. மரை வெட்டும் லேத்தை நம்பகமான மெஷினா மாத்தியவர் மாட்ஸ்லே. அந்தக் காலத்தில் அவர் பட்டறையில் வேலை பார்த்தேன்னு சொல்றது, இன்னைக்கு பெரிய டெக் கம்பெனியில் இருந்தேன்னு சொல்ற மாதிரி.

அங்கே விட்வொர்த்துக்குப் பிடிச்ச பைத்தியம் ஒண்ணு: தட்டையான பரப்பு. உண்மையிலேயே தட்டையான ஒரு இரும்புத் தகடு எப்படிச் செய்றது? யோசிச்சுப் பாருங்க. தட்டையா இருக்கான்னு சோதிக்க இன்னொரு தட்டையான பொருள் வேணும். அதை எங்கே போய் எடுப்பீங்க?

ரெண்டு தகட்டை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு தேய்ச்சா வேலை நடக்காது. ஒண்ணு லேசா குழியாவும் இன்னொண்ணு அதே அளவுக்கு மேடாவும் ஆகி, ரெண்டும் கச்சிதமா பொருந்திடும். பார்க்க தட்டை மாதிரியே இருக்கும். ஆனா மூணு தகடு எடுத்துக்கிட்டு, மாத்தி மாத்தி ஒவ்வொரு ஜோடியா சோதிச்சா பொய் சொல்ல முடியாது. ஒண்ணாவதும் ரெண்டாவதும் பொருந்துது, ரெண்டாவதும் மூணாவதும் பொருந்துது, மூணாவதும் ஒண்ணாவதும் பொருந்துதுன்னா, மூணுமே தட்டையா இருந்தாதான் அது சாத்தியம். ஒரு தகட்டில் சாயம் பூசி இன்னொண்ணை வச்சு எடுத்தா, மேடான இடத்துல மட்டும் சாயம் ஒட்டும். அந்த இடத்தை மட்டும் ஸ்க்ரேப்பரால சுரண்டணும். திரும்ப வைக்கணும், திரும்ப சுரண்டணும். பொறுமை இருந்தா போதும், வேற எந்த மெஷினும் வேண்டாம். இன்னைக்கும் மெட்ராலஜி லேப்ல நாம தொட்டுப் பார்க்கிற சர்ஃபேஸ் பிளேட்டின் பூர்வீகம் இதுதான்.

மாட்ஸ்லேகிட்ட இருந்து ஹோல்ட்சாப்ஃபெல் பட்டறைக்கும், அதுக்கப்புறம் ஜோசப் கிளெமென்ட் பட்டறைக்கும் போனார். சார்ல்ஸ் பாபேஜின் டிஃபரன்ஸ் என்ஜின், அதாவது கம்ப்யூட்டரின் தாத்தா, அதன் பாகங்களைச் செஞ்சது இந்த கிளெமென்ட் பட்டறைதான். சி.எஸ். டிபார்ட்மென்ட் மக்களே, உங்க குலதெய்வம் இரும்புல செஞ்சது, ஞாபகம் இருக்கட்டும்.

கிளெமென்ட்டுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தன் பட்டறையில செய்ற திருகுகளுக்கு, எந்த அளவுக்கு எத்தனை மரைன்னு முன்கூட்டியே நிர்ணயிச்சு வச்சிருந்தார். மாட்ஸ்லே பட்டறையிலும் அப்படி ஒரு ஒழுங்கு இருந்தது. ஆனா அது அவங்க அவங்க காம்பவுண்ட் சுவருக்குள்ள மட்டும்தான். சுவரைத் தாண்டினா வேற நம்பர்.

ஒரு போல்ட் தொலைஞ்சா என்ன ஆகும்?

1833ல் விட்வொர்த் மான்செஸ்டருக்குத் திரும்பி, சார்ல்டன் தெருவில் வாடகைக்கு இடம் பிடிச்சு, லண்டனில் இருந்து வந்த டூல் மேக்கர்னு போர்டு மாட்டினார். லேத், பிளேனிங் மெஷின், டிரில்லிங் மெஷின், டேப், டை எல்லாம் செஞ்சு வித்தார். சுத்திலும் நூற்றுக்கணக்கான பஞ்சாலைகள். அப்போதான் ரயிலும் வந்துட்டிருந்தது.

அந்த நேரத்துல நிலைமை எப்படி இருந்ததுன்னு நினைச்சுப் பாருங்க. ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டும். ஒரே அரை இஞ்சு போல்ட், ஒரு பட்டறையில இஞ்சுக்கு இத்தனை மரை, அடுத்த தெருவுல வேற. மரையின் கோணம் வேற, ஆழம் வேற. ஒரு போல்ட்டுக்குன்னு செஞ்ச நட் அந்த போல்ட்டுக்கு மட்டும்தான். தாலி கட்டின மாதிரி, ஜோடி மாறக் கூடாது. மெஷினைப் பிரிக்கும்போது நட்டுகள் கலந்துட்டா தலைவலி ஆரம்பம்.

ஒரு ஆலையில வேற வேற கம்பெனி மெஷின்கள் இருந்தா, அத்தனை கம்பெனியின் டேப், டை செட்டும் ரிப்பேருக்கு வேணும். ரயில் என்ஜின் ஒண்ணு வழியில நின்னுட்டா, அதைச் செஞ்ச பட்டறைக்கு ஆள் போகணும். இல்லைன்னா பழைய ஓட்டையைப் பெருசாக்கி புது மரை வெட்டணும். டேப் டிரில் சார்ட் அப்படிங்கிற பேச்சுக்கே இடமில்லை. பிட்ச் என்னன்னே தெரியாதப்போ எதுல இருந்து எதைக் கழிக்கிறது?

1841: சராசரி எடுத்த மனுஷன்

இந்த இடத்துலதான் விட்வொர்த் செஞ்சது என்னை அசத்துச்சு.

அவர் அப்போ நாட்டின் முன்னணி டூல் மேக்கர்கள்ல ஒருத்தர். நான்தான் பெஸ்ட், என் பட்டறையின் மரைதான் சரியான மரை, எல்லாரும் இதையே எடுத்துக்கோங்கன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. இங்கிலாந்து முழுக்க எத்தனை பட்டறைகள்ல முடியுமோ அத்தனையில இருந்தும் போல்ட்டுகளைச் சேகரிச்சார். ஒவ்வொண்ணையும் அளந்தார். இஞ்சுக்கு எத்தனை மரை, எவ்வளவு ஆழம், என்ன கோணம் எல்லாத்தையும் எழுதி, அதுக்கு சராசரி எடுத்தார்.

கோணத்தின் சராசரி ஏறக்குறைய 55 டிகிரி வந்தது. அதையே வச்சுக்கிட்டார். மரையின் உச்சியிலயும் அடியிலயும் ஆறில் ஒரு பங்கு உயரத்தை விட்டுட்டு உருட்டையாக்கினார். கூர்மையான உச்சி சீக்கிரம் அடிபடும், கூர்மையான பள்ளத்துல விரிசல் ஆரம்பிக்கும். ஸ்ட்ரெஸ் கான்சென்ட்ரேஷன்னு நாம பரீட்சைக்கு எழுதுறோமே, அந்த வார்த்தை புழக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே, அனுபவத்துல பட்டறைக்காரங்களுக்கு அது தெரிஞ்சிருந்தது.

பிறகு ஒவ்வொரு விட்டத்துக்கும் இஞ்சுக்கு இத்தனை மரைன்னு ஒரு பட்டியல். கால் இஞ்சுக்கு 20, முக்கால் அங்குலத்தின் பாதியான மூணு-எட்டாம் இஞ்சுக்கு 16, அரை இஞ்சுக்கு 12, முக்கால் இஞ்சுக்கு 10, ஒரு இஞ்சுக்கு 8. 1841ல் லண்டனில் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தில் இதை ஒரு கட்டுரையா முன்வச்சார்.

கவனிங்க, இதுதான் உலகத்திலேயே சிறந்த மரைன்னு கணக்குப் போட்டு நிரூபிச்ச கட்டுரை இல்லை அது. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தா எல்லாருக்கும் பொருந்தும்கிற யோசனைதான். யாருடைய மரையும் ஜெயிக்கலை. ஆனா யாருடைய மரையும் இதுல இருந்து ரொம்ப தூரமும் இல்லை. அதனால மாறுறதும் கஷ்டமா தெரியலை.

அதோட அவர் வெறும் பேப்பர் பிரசன்ட் பண்ணிட்டு வீட்டுக்குப் போகலை. அந்த அளவுக்கு டேப்பும் டையும் செஞ்சு வித்தார். அவர் சரக்கு தரமானதுன்னு எல்லாருக்கும் தெரியும். டேப் வாங்குறவன் கூடவே அந்த ஸ்டாண்டர்டையும் வாங்கிட்டுப் போனான். ரயில்வே கம்பெனிகள் எடுத்துக்கிட்டாங்க, கப்பல் என்ஜின் செய்றவங்க எடுத்துக்கிட்டாங்க. சட்டம் எதுவும் போடாமலேயே, சுமார் இருபது வருஷத்துக்குள்ள பிரிட்டன் முழுக்க விட்வொர்த் மரைதான். உலகத்தில் ஒரு நாடு முழுக்கப் பரவின முதல் மரை ஸ்டாண்டர்ட் அது. பின்னாடி அதுக்கு பி.எஸ்.டபிள்யூன்னு பேர் வந்தது.

1850களின் நடுவில் கிரைமியா போர் வந்தப்போ அதன் அருமை தெரிஞ்சது. கடற்படைக்கு சின்ன பீரங்கிப் படகுகள் அவசரமா நிறைய வேணும். என்ஜின்களை ஒரே பட்டறையில செஞ்சா முடியாது. மாதிரி என்ஜினைப் பிரிச்சு, பாகங்களை பல பட்டறைகளுக்குப் பங்கு போட்டு அனுப்பினாங்க. எங்கெங்கேயோ செஞ்ச பாகங்கள் திரும்பி வந்து ஒண்ணா பொருந்துச்சு. எல்லாரும் ஒரே மரையை வெட்டினதால வந்த பலன்.

கண்ணுக்குத் தெரியாத அளவு

மரைக்கு அளவு சொல்லிட்டா போதாது, அந்த அளவுல இருக்கான்னு பார்க்கவும் கருவி வேணும் இல்லையா? அதுக்காக ஒரு அளவுக் கருவி செஞ்சார். 1851ல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சியில் அவர் காட்டின மெஷின், ஒரு இஞ்சில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக் கூட காட்டும். எப்படித் தெரியுமா? மரையை வச்சுதான். நுணுக்கமா வெட்டின ஒரு திருகு, அதைத் திருப்ப நிறைய பல் இருக்கிற சக்கரம். சக்கரத்தை ஒரு கோடு அளவு திருப்பினா திருகு நகர்றது கண்ணுக்கே தெரியாது. ஸ்கேலைக் கண்ணால பார்த்து அளக்கிறதை விட, தொட்டு உணர்ந்து அளக்கிறதுதான் துல்லியம்னு அவர் நம்பினார். இப்ப லேப்ல மைக்ரோமீட்டரை ராட்செட் சத்தம் வர்ற வரைக்கும் திருகுறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

1853ல் அமெரிக்கா போய் அங்கே தொழிற்சாலைகள் எப்படி நடக்குதுன்னு பார்த்து அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். ஆள் பற்றாக்குறையால அவங்க மெஷினை நம்பி வேலை செய்றதைப் பார்த்து அசந்துபோனார். அதே அமெரிக்காவிலிருந்துதான் பின்னாடி அவர் மரைக்குப் போட்டி வரப்போகுதுன்னு அப்போ தெரிஞ்சிருக்காது.

விட்டுக்கொடுக்காத விட்வொர்த்

இதுவரைக்கும் படிச்சா, மனுஷன் ரொம்ப ஃபிளெக்ஸிபிள் போலன்னு தோணும். அப்படி இல்லை. பழகுறதுக்குக் கஷ்டமான ஆள்னு பேர் எடுத்தவர். அது துப்பாக்கி விஷயத்துல தெரிஞ்சது.

1854ல் ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்யும் மெஷின்கள் பத்தி அரசாங்கம் அவர்கிட்ட கேட்டது. அவர் வழக்கம்போல அடியில இருந்து ஆரம்பிச்சார். துப்பாக்கிக் குழாய் எப்படி இருக்கணும்னே யாருக்கும் சரியா தெரியலை, முதல்ல அதைக் கண்டுபிடிக்கணும்னுட்டார். அவர் வீட்டுப் பக்கத்துல 500 கஜம் நீளத்துக்கு மூடின ஒரு சுடும் கூடம் கட்டி, சோதனை மேல சோதனை. கடைசியில உள்பக்கம் அறுகோணமா முறுக்கின குழாயோட ஒரு துப்பாக்கி வந்தது. 1857 சோதனையில் அன்றைய ராணுவத் துப்பாக்கியான என்ஃபீல்டை அது தூரத்துல வெகுவா முந்திச்சு. 1860ல் விம்பிள்டனில் துப்பாக்கிப் போட்டியைத் தொடங்கி வச்ச விக்டோரியா மகாராணி, ஸ்டாண்டில் பொருத்தின விட்வொர்த் துப்பாக்கியின் கயிறை இழுத்து, 400 கஜம் தூரத்துல குறியின் நடுப்பகுதியை அடிச்சாங்க.

இருந்தும் பிரிட்டிஷ் ராணுவம் அதைப் பொதுவான ஆயுதமா எடுத்துக்கலை. குழாய் சின்னது, அதனால கரி சீக்கிரம் அடைச்சுக்கும். விலையும் பல மடங்கு. அதை ஆர்வமா வாங்கினது, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல தெற்குப் படையின் குறிபார்த்துச் சுடுறவங்க. எத்தனையோ உயிர் போச்சு. பெரிய பீரங்கி விஷயத்துலயும் ஆர்ம்ஸ்ட்ராங்ங்கிற இன்னொரு பெரிய இன்ஜினியரோட வருஷக்கணக்கா போட்டி, கமிட்டி, சோதனை, மனஸ்தாபம்.

எனக்கு இதுல பட்டது ஒண்ணு. துப்பாக்கியில அவர் சிறந்ததைச் செஞ்சார், ஆனா அது நிக்கலை. மரையில சராசரியை எடுத்தார், அது நூறு வருஷத்துக்கு மேல நின்னுச்சு. இன்ஜினியரிங்ல எது ஜெயிக்கும்னு காலேஜ்ல யாரும் இப்படிச் சொல்லித் தரலை.

கடைசிக் காலம்

1868ல் அவர் செஞ்சது நம்மள மாதிரி ஸ்டூடன்ட்ஸுக்கு நெருக்கமான விஷயம். இளம் இன்ஜினியர்களுக்காக வருஷத்துக்கு 3,000 பவுண்டு வர்ற மாதிரி ஸ்காலர்ஷிப் ஏற்படுத்தினார். ஆளுக்கு வருஷம் 100 பவுண்டு, 30 பேருக்கு. கண்டிஷன் என்னன்னா, தியரியும் தெரியணும், கைவேலையும் தெரியணும். புத்தகம் மட்டும் படிச்சவனுக்கும் கிடையாது, அரம் மட்டும் பிடிச்சவனுக்கும் கிடையாது. அந்த ஸ்காலர்ஷிப் இன்னைக்கும் பிரிட்டனில் கொடுக்கிறாங்க. (எங்க டீம்ல யாரும் அன்னைக்கு அதுல பாஸ் ஆகியிருக்க மாட்டோம், அது வேற விஷயம்.)

1869ல் சர் பட்டம் வந்தது. முதல் மனைவி இறந்த பிறகு 1871ல் மறுமணம். குழந்தைகள் இல்லை. 1887 ஜனவரி 22 அன்று, உடம்புக்காகப் போயிருந்த மாண்டி கார்லோவில் இறந்தார். டெர்பிஷயரில் டார்லி டேல் என்ற ஊரில், தான் கடைசிக் காலத்துல வாழ்ந்த வீட்டுக்குப் பக்கத்துலயே அடக்கம் ஆனார். சொத்தின் பெரும் பகுதி பொதுக் காரியங்களுக்குப் போச்சு. மான்செஸ்டரில் இருக்கிற விட்வொர்த் ஆர்ட் கேலரி, பூங்கா, பெரிய கேன்சர் ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் அவர் பணம் இருக்கு.

மரைக்கும் வயசாகும்

அவர் உயிரோட இருக்கும்போதே, 1864ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் வேற மரையை முன்வச்சார். கோணம் 60 டிகிரி, உச்சி உருட்டை இல்லை, தட்டை. 55 டிகிரியும் உருட்டையும் வெட்டுறது சாதாரண மெக்கானிக்குக் கஷ்டம், 60 டிகிரி சுலபம்கிறது அவர் வாதம். நியாயமான வாதம்தான். அமெரிக்கா அந்தப் பக்கம் போயிடுச்சு.

விளைவு என்னன்னு ரெண்டாம் உலகப் போர்ல தெரிஞ்சது. பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரே பக்கம் சண்டை போட்டாங்க, ஆனா ஒருத்தர் போல்ட்டுக்கு இன்னொருத்தர் நட் சேராது. அரை இஞ்சையே எடுத்துக்கோங்க. பிரிட்டிஷ்ல இஞ்சுக்கு 12 மரை, அமெரிக்கன்ல 13. கையால ரெண்டு சுத்து போகும், அப்புறம் இறுகிடும். டிரில் பிட்டும் வேற: விட்வொர்த்துக்கு சுமார் 10.5 மில்லிமீட்டர், அமெரிக்கனுக்கு சுமார் 10.8. 1841ல பட்டறைகளுக்கு நடுவுல இருந்த அதே பிரச்சனை, நூறு வருஷம் கழிச்சு நாடுகளுக்கு நடுவுல. 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் சேர்ந்து பொதுவான மரைக்குக் கையெழுத்துப் போட்டாங்க. கோணம் 60 டிகிரி. விட்வொர்த்தின் 55 விட்டுக்கொடுத்தது. 1965ல் பிரிட்டனின் தர நிர்ணய அமைப்பே, புது வேலைகளுக்கு விட்வொர்த் மரை வேண்டாம், மெட்ரிக்கைப் பயன்படுத்துங்கன்னு சொல்லிடுச்சு.

அப்போ அவர் மரை செத்துப் போச்சா? ஹாஸ்டல் பாத்ரூமுக்குப் போய்ப் பாருங்க. அரை இஞ்சு குழாயை பிளம்பர் அண்ணன் டெஃப்லான் டேப் சுத்தித் திருகுறாரே, அந்த பைப் மரை இன்னைக்கும் 55 டிகிரிதான், விட்வொர்த் வடிவம்தான். இஞ்சுக்கு 14 மரை. தண்ணி பைப்பை மாத்துறதுக்கு உலகத்துல பாதிப் பேருக்கு மனசு வரலை. மான்செஸ்டர்காரர் 1841ல எடுத்த சராசரி, நம்ம ஊர் வாளியில இன்னும் சொட்டிக்கிட்டு இருக்கு.

எங்க பிளேட் என்ன ஆச்சு?

உடைஞ்ச டேப் வெளியே வரவே இல்லை. அந்த பிளேட் ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சு. புது பிளேட் வாங்கினோம், ஆளுக்குப் பாதி காசு. இந்தத் தடவை முதல்ல சார்ட் முன்னாடி நின்னோம். 5 மில்லிமீட்டர் பிட். டேப்பை நேரா பிடிச்சு, எண்ணெய் விட்டு, அரை சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடி. பின்னாடி திருப்பினா சீவல் உடைஞ்சு வழி விடும்னு அந்த அண்ணன் சொல்லிக் கொடுத்தார். நாலு மூலையிலயும் போல்ட் விரலால திருகினாலே வழுக்கிக்கிட்டு உள்ளே போச்சு.

அன்னைக்கு எங்க சண்டையில நான் 6ன்னு நின்னேன், அவன் 4.5ன்னு நின்னான். ரெண்டு பேருமே சுவத்தைத் திரும்பிப் பார்க்கலை. ஊர் முழுக்க போல்ட் பொறுக்கி, அளந்து, தன் பட்டறை நம்பரையும் அதுல ஒண்ணா மட்டும் சேர்த்துக்கிட்டு சராசரி எடுத்த ஒரு மனுஷனோட வேலை, நாலு வருஷமா எங்க தலைக்கு மேல ஒட்டியிருந்தது.

அடுத்த தடவை ஒர்க் ஷாப் போகும்போது, டிரில் பிட்டைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி அந்த சார்ட்டை ஒரு நிமிஷம் பாருங்க மக்களே. ஒரு டேப்போட விலை மிச்சம். ஒரு ஃப்ரெண்ட்ஷிப்பும் மிச்சம்.

அடுத்த இதழ்ல சந்திப்போம்!